கொண்டையா, குரலா: எந்தக் கிளியின் உடல்மொழி எளிதில் பிடிபடும்?

முதல்முறையாகக் கிளி வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்பது இரண்டே கேள்விகள்: பேசுமா, கடிக்குமா? முதலாவதற்குப் ‘பேசும்’, இரண்டாவதற்குக் ‘கடிக்காது’ என்று பதில் வரும், வியாபாரம் முடிந்துவிடும். கிளி பயந்திருக்கிறதா, எரிச்சலில் இருக்கிறதா, உடம்பு சரியில்லாமல் இருக்கிறதா என்று பார்த்த மாத்திரத்தில் நம்மால் சொல்ல முடியுமா என்பதை யாரும் கேட்பதில்லை. கிளிக்குக் கிளி பெரிய வேறுபாடு இருப்பது இதில்தான். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதியவருக்குக் கொண்டை வைத்த காக்டெயில் கிளி. விலை குறைவு என்று பட்ஜியையும், நிறத்தில் மயங்கி சன் கொன்யூரையும், பேச்சுக்கு ஆசைப்பட்டு ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியையும் முதல் பறவையாக வாங்குகிறவர்கள் கடினமான பாடத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

நம் ஊர்ப் பச்சைக்கிளி இந்தப் போட்டியிலேயே இல்லை. கழுத்தில் ஆரம் போட்ட அந்தக் கிளியும், தோளில் சிவப்புத் திட்டுள்ள அதன் பெரிய உறவும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. கூண்டில் வைப்பது குற்றம். ‘தாத்தா காலத்திலிருந்து வளர்க்கிறோம்’ என்ற பேச்சு அங்கே எடுபடாது.

காக்டெயிலுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பறவை. 80 முதல் 100 கிராம் எடை. அதன் மனநிலை தலைக்கு மேலேயே தெரியும். நிம்மதியாக இருக்கும்போது கொண்டை பின்பக்கம் சாய்ந்து, நுனி மட்டும் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். குக்கர் விசில் அடித்தாலோ, ஜன்னலில் காக்கை வந்து உட்கார்ந்தாலோ கொண்டை செங்குத்தாக எழும்பும். கொண்டை தலையோடு ஒட்டிக்கொண்டு, உடல் முன்னால் தாழ்ந்து, அலகு திறந்து ‘உஸ்’ என்று சீறினால் கையை எடுத்துவிட வேண்டும்; அடுத்து வருவது கடி.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தலையைச் சொறிந்துவிடச் சொல்லிக் குனியும்போதும் கொண்டை தாழ்ந்துதான் இருக்கும். ஆனால் அப்போது முகத்து இறகுகள் பஞ்சுபோல உப்பியிருக்கும், கண் பாதி மூடியிருக்கும். கோபத்தில் இறகுகள் உடலோடு இறுகியிருக்கும். கொண்டையை மட்டும் பார்க்காமல் முகத்தையும் சேர்த்துப் பார்த்தால் போதும், குழப்பம் வராது.

ஆண் காக்டெயில் இரண்டு சிறகுகளையும் முதுகிலிருந்து சற்றே விலக்கிப் பிடித்துக்கொண்டு, சீட்டியடித்தபடி நடைபோடும். உட்காரும் குச்சியை அலகால் டக் டக்கென்று தட்டும். கண்ணாடி முன் இதைச் செய்வதைப் பார்த்து ‘பைத்தியம் பிடித்துவிட்டதோ’ என்று பயப்பட வேண்டாம், அது காதல். உண்மையிலேயே பயமுறுத்துவது இரவில் நடக்கும் கலவரம்தான். இருட்டில் சின்னச் சத்தம் கேட்டாலும் திடுக்கிட்டுக் கூண்டுக்குள் மோதிச் சிறகில் காயம்பட்டுக்கொள்ளும் குணம் இந்த இனத்துக்கு உண்டு. தீபாவளி வாரத்தில் ஒரு சின்ன இரவு விளக்கு எரியட்டும். கூண்டு சுவரோரமாக இருக்கட்டும். உடலிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்வது இதற்கு இயல்பு. ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் அதை யோசித்துக்கொள்ள வேண்டும். காக்டெயிலுக்கு எதிராக நான் ஒப்புக்கொள்ளும் பெரிய குறை இது ஒன்றுதான்.

பட்ஜியைப் பலர் எளிய பறவை என்று நினைக்கிறார்கள். நம் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்ற பெயரில் கூண்டு கூண்டாக இருப்பவை பெரும்பாலும் இவைதான். இவையும் ஆஸ்திரேலியப் பறவைகள். 1840இல் பறவையியலாளர் ஜான் கூல்ட் உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிறகு உலகம் முழுக்கப் பரவின. வளர்ப்பது எளிதுதான். ஆனால் 30, 40 கிராம் உடலில் எழுதியிருப்பது பொடி எழுத்து. பயந்தால் இறகுகளை இறுக்கிக்கொண்டு குச்சிபோல ஒல்லியாகும். மகிழ்ந்தால் தலை இறகுகள் லேசாக உப்பும், அலகுக்குள்ளேயே முணுமுணுப்பு ஓடிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சில மில்லிமீட்டர்.

ஆனால் ஒரு விஷயத்தில் பட்ஜி மற்ற எல்லாக் கிளிகளையும் மிஞ்சும்: அலகுக்கு மேலே மூக்குத்துளைகள் இருக்கும் மெழுகு போன்ற சதை. வளர்ந்த ஆணுக்கு அது நீலம். இனப்பெருக்கப் பருவத்திலுள்ள பெண்ணுக்குப் பழுப்பு நிறமாகித் தடித்து, சில சமயம் செதிலாக உரியும். இதை நோய் என்று எண்ணி மருந்து தடவுகிறவர்கள் உண்டு. நோயாக இருந்தால் எப்படித் தெரியும்? அலகின் ஓரத்திலும் கண்ணைச் சுற்றியும் காலிலும் தேன்கூடு போலப் பொடிப்பொடித் துளைகளுடன் பொருக்கு படர்ந்தால் அது உண்ணியின் வேலை. ஆணின் நீலச் சதை பழுப்பாக மாறத் தொடங்கினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். விரைக்கட்டியின் அடையாளமாக இருக்கக்கூடும். முழு வெள்ளை, முழு மஞ்சள் வகை ஆண்களில் இந்தச் சதை வளர்ந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே இருக்கும் என்பதால் அவற்றில் இந்தக் கணக்கு செல்லாது.

உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. ரோஜா முக வகைப் பெண் பறவை செய்தித்தாளை நீள நீளமாகக் கிழித்து, இடுப்பு இறகுகளுக்குள் செருகிக்கொண்டு போகும். குறும்பு அல்ல, கூடு கட்ட நார் சேகரிக்கிறது. கூண்டைத் தன் சொத்தாக நினைக்கும் குணம் இதற்கு அதிகம்: வெளியே தோளில் கொஞ்சும் அதே பறவை, கூண்டுக்குள் கைவிட்டால் பாயும். மனதில் மறைப்பு இல்லாத பறவை என்று இதைப் பாராட்டுவேன். ஆனால் சீறல், எச்சரிக்கை என்ற இடைப்படிகள் மிகக் குறைவு.

சன் கொன்யூரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் காது வலிக்கும். காலையிலும் அந்தி சாயும்போதும் கத்துவது தென் அமெரிக்கக் காட்டில் கூட்டத்தோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் வழக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பில் அது பக்கத்து வீட்டுச் சண்டை. மல்லாந்து படுத்துத் தூங்கும் கொன்யூர்கள் உண்டு, செத்துவிட்டது என்று பதறி அழைப்பவர்களும் உண்டு. கண் கருமையாக இருப்பதால், உணர்ச்சி பொங்கும்போது கண்மணி சுருங்கி விரிவது எளிதில் தெரியாது.

சாம்பல் கிளியிடம் கண்ணே பேசும். வளர்ந்த பறவையின் விழி வெளிர் மஞ்சள். அதன் நடுவே கறுப்புக் கண்மணி சட்சட்டென்று சுருங்கி விரிவதை அறையின் மறுகோடியிலிருந்தே காணலாம். கிளிகளால் கண்மணியைத் தாமாகவே இயக்க முடியும். சிக்கல் என்னவென்றால், பிடித்த பாதாம்பருப்பைக் கண்டாலும் அதேதான், கடிக்கத் தயாரானாலும் அதேதான். பிடரி இறகுகள் சிலிர்த்து, வால் விசிறிபோல விரிந்திருந்தால் விலகிக்கொள்ளுங்கள்; உடல் தளர்ந்து, பறவை உங்களை நோக்கி நகர்ந்தால் அது ஆர்வம்.

இந்தப் பறவையின் பேச்சு நம்மை ஏமாற்றிவிடுகிறது. கிளிகளின் அறிவை ஆராய்ந்த விஞ்ஞானி ஐரீன் பெப்பர்பெர்க் 1977இல் வாங்கி, 2007இல் அது இறக்கும்வரை பயிற்சி கொடுத்த அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி நிறம், வடிவம், எண்ணிக்கை சொன்னது உலகறிந்த கதை. ஆகவே கிளி ‘வா வா’ என்றால் நம்மை அழைக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். உடல் ஒடுங்கி, இறகு இறுகி, கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டு ‘வா வா’ என்கிற கிளி பயத்தில் இருக்கிறது. வாயை நம்பாமல் உடலை நம்புங்கள். புதுப் பொம்மையைக் கண்டாலே மிரளும் இனம் இது. சலிப்பும் தனிமையும் முற்றினால் மார்பு இறகைத் தானே பிடுங்கிப் போடும். நாற்பது ஆண்டுகளுக்கு மேல்கூட வாழக்கூடிய பறவையிடம் நாம் கற்றுக்குட்டியாக இருப்பது அதற்குச் செய்யும் அநியாயம்.

சில பழக்கங்கள் எல்லாக் கிளிக்கும் பொது. தூங்குமுன் அலகை நறநறவென்று அரைப்பது நிம்மதி. ஒற்றைக்காலில் தூங்குவது ஆரோக்கியம். தலையை ஆட்டி ஆட்டி உங்கள் விரலிலோ கூண்டில் தொங்கும் மணியிலோ உணவைக் கக்குவது ஊட்டிவிடும் பாசம்; தலையை உதறி நாலா பக்கமும் தெறிக்க விட்டு, தலை இறகெல்லாம் பிசுபிசுத்திருந்தால் வாந்தி. சித்திரை வெயிலில் வாய் திறந்து மூச்சிரைத்து, சிறகுகளை உடலிலிருந்து விலக்கிப் பிடித்தால் வெப்பம் தாங்கவில்லை என்று பொருள்: உடனே நிழலும் தண்ணீரும் காற்றோட்டமும் வேண்டும். பகலில் இரு காலிலும் நின்று, உப்பி, கண் சொருகி, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கினால் அன்றே மருத்துவர்.

அந்த நிலைக்கு வரும்வரை நோயை மறைப்பதே கிளிகளின் இயல்பு. அதனால் காலையில் எச்சம் போட்ட பிறகு, தீனி வைக்குமுன் எடை பார்த்துக் குறித்துவைப்பது நல்லது. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கவலைப்பட வேண்டும். காக்டெயிலுக்கு அது ஒன்பது கிராம் அளவு. ஒரு கிராம் காட்டும் சாதாரணச் சமையலறைத் தராசு போதும். பட்ஜிக்கு மூன்று, மூன்றரை கிராம்தான், பத்தில் ஒரு கிராம் காட்டும் தராசு தேவைப்படும். சட்டக் கணக்கிலும் காக்டெயில், பட்ஜி, ரோஜா முக லவ் பேர்ட் மூன்றும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலுக்கு வெளியே இருக்கின்றன. சன் கொன்யூரும் சாம்பல் கிளியும் பட்டியலில் இருப்பவை; அவற்றை வைத்திருப்பவர்கள் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். கடைக்காரர் அந்தப் பதிவுக்கான காகிதங்களைக் காட்டத் தயங்கினால், பறவை எவ்வளவு அழகாகப் பேசினாலும் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.