'ஃபர்பிடன் ஹாலிவுட்' டிவிடி தொகுப்புகள்: எதை வாங்கலாம், எப்படிப் பார்க்கலாம்

ஹாலிவுட்டுக்கு ஒழுக்க விதிகள் 1930 மார்ச் 31 அன்றே வந்துவிட்டன. வில் ஹேஸ் தலைமையிலான தயாரிப்பாளர் சங்கம் அவற்றை ஏற்றுக்கொண்டது. ஆனால் மீறுபவரைத் தட்டிக்கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை. 1934 ஜூலையில்தான் நிலைமை மாறியது. ஜோசப் பிரீன் நடத்திய அலுவலகத்தின் முத்திரை இல்லாமல் படம் வெளிவரக் கூடாது, வந்தால் 25,000 டாலர் அபராதம் என்று ஆனது. பேசும்படம் வந்த காலத்திலிருந்து அந்த ஜூலைவரை எடுக்கப்பட்டவற்றைத்தான் 'ப்ரீ-கோட்' படங்கள் என்கிறோம். அவற்றில் வார்னர் நிறுவனத்தின் கையிருப்பில் உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து, பழைய படங்களுக்கான டிசிஎம் தொலைக்காட்சியின் பெயரோடு 2006 டிசம்பரில் தொடங்கிய வரிசை இது. மொத்தம் பத்துத் தொகுப்புகள்.

அட்டைகளில் மெல்லிய உடையில் நடிகைகள், பெயரிலேயே 'தடைசெய்யப்பட்ட' என்ற தூண்டில். இதை நம்பி வாங்குபவருக்குக் கிடைப்பது வேறொன்று, அதைவிடப் பெரியது. உள்ளாடையோடு நடமாடும் காட்சிகள் உண்டுதான். ஆனால் பிரீனின் கத்தரி முதலில் பாய்ந்தது தோலின் மீது அல்ல, முடிவுகளின் மீது. தவறு செய்தவள் அழாமல், சாகாமல், திருந்தாமல் படம் முடியலாமா? கொலைக்குத் துணைபோனவன் காதலியோடு சிரித்தபடி போகலாமா? 1934க்குப் பிறகு முடியாது. அதற்கு முன் முடிந்தது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் எந்தத் தொகுப்பு கனமானது, எது வெறும் இட்டுநிரப்பல் என்று தானாகப் பிரிந்துவிடும்.

முதல் தொகுப்பில் மூன்று படங்கள்: 'வாட்டர்லூ பிரிட்ஜ்' (1931), 'ரெட்-ஹெடட் வுமன்' (1932), 'பேபி ஃபேஸ்' (1933). கடைசிப் படத்துக்காகவே இதை வாங்கலாம், ஏனென்றால் அதன் இரண்டு வடிவங்களும் இதில் இருக்கின்றன. திரையரங்குக்கு வந்தது 71 நிமிடம். நியூயார்க் மாநிலத் தணிக்கைக் குழு மறுத்ததற்கு முந்தைய முழு வடிவம் 76 நிமிடம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் சேமிப்பில் இருந்த ஒரு டூப் நெகட்டிவ் (மூலத்திலிருந்து எடுத்த நகல் நெகட்டிவ்) வழக்கத்தைவிட நீளமாக இருப்பதைக் கவனித்ததால் 2004இல் அது வெளிச்சத்துக்கு வந்தது. ஐந்து நிமிடம்தானே என்று விட்டுவிட வேண்டாம். ஒரு வங்கியில் ஆண்களை வைத்தே மேலேறும் லில்லியாக பார்பரா ஸ்டான்விக். அவளுக்கு, செருப்புத் தைக்கும் முதியவர் ஜெர்மன் தத்துவவாதி நீட்ஷேயைப் படித்துக்காட்டி, ஆண்களைப் பயன்படுத்தி வேண்டியதை அடைந்துகொள் என்கிறார். வெட்டப்பட்ட வடிவத்தில் அதே முதியவர் நல்ல வழி, கெட்ட வழி என்று உபதேசம் செய்கிறார். அவர் முகம் தெரியாத கோணத்தில் புதிய வசனத்தை ஒட்டியிருக்கிறார்கள். சரக்கு ரயில் பெட்டியில் ரயில் ஊழியனோடு அவள் பேரம் பேசும் காட்சி கத்தரிக்கப்பட்டிருக்கிறது. முடிவில் பணம் முழுவதையும் வங்கிக்குக் கொடுத்துவிட்டு, கணவன் எஃகு ஆலையில் கூலிக்குப் போகிறான் என்று ஒரு காட்சியும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

முழு வடிவத்தை முதலில் பாருங்கள். இன்னொன்றை அடுத்த நாள், முதியவரின் காட்சியிலும் முடிவிலும் மட்டும் நிதானமாகப் பார்த்தால் போதும். தணிக்கை எப்படி வேலை செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எந்த வட்டிலும் இல்லை. லில்லி ஒவ்வொரு ஆணையும் தாண்டும்போது, வங்கிக் கட்டடத்தின் வெளிச்சுவரில் கேமரா ஒரு மாடி மேலே ஏறுகிறது. அந்த உத்தி இரண்டு வடிவத்திலும் தப்பியிருக்கிறது. லில்லியின் தோழியாக வரும் தெரசா ஹாரிஸையும் கவனியுங்கள். கறுப்பின நடிகையருக்குப் பணிப்பெண் வேடத்தைத் தாண்டி எதுவும் தராத காலத்தில், நாயகி கைவிட மறுக்கும் ஒரே உறவாக அவர் வருகிறார்.

'ரெட்-ஹெடட் வுமன்' ஜீன் ஹார்லோவின் படம். அனிடா லூஸின் திரைக்கதை, எம்ஜிஎம் தயாரிப்பு. கணவனைத் துப்பாக்கியால் சுட்டவள் கடைசியில் பாரிஸில், பணக்காரக் கிழவரோடு வசதியாகப் பவனி வருகிறாள். காரோட்டுபவன் அவளுடைய காதலன். பிரிட்டனில் இதைத் தடைசெய்தார்கள். 'வாட்டர்லூ பிரிட்ஜ்' யூனிவர்சலில் ஜேம்ஸ் வேல் எடுத்தது. 1940இல் மறுபடி எடுப்பதற்காக எம்ஜிஎம் உரிமையை வாங்கிப் பழைய படத்தை முடக்கிவைத்தது. மே கிளார்க்கின் நடிப்பு, பின்னால் வந்த பளபளப்பான வடிவத்தைவிட நெஞ்சுக்கு நெருக்கமானது.

இரண்டாம் தொகுப்பு புதிதாக நுழைபவருக்கு ஏற்றது. ஐந்து படங்களோடு, தணிக்கை வரலாற்றைச் சொல்லும் ஒரு மணி நேரத்துக்கும் மேலான ஆவணப்படமும் இருக்கிறது. ஆனால் வட்டுகளின் வரிசையில் பார்க்காதீர்கள். முதலில் 'நைட் நர்ஸ்' (1931, 72 நிமிடம்). பணத்துக்காக இரண்டு குழந்தைகளைப் பட்டினி போட்டுக் கொல்லப் பார்க்கும் வீடு, அங்கே வேலைக்குப் போகும் செவிலி, அவளை அடிக்கும் காரோட்டியாக, மீசை வைக்காத கிளார்க் கேபிள். சட்டம் எதுவும் செய்யாது. காரோட்டியைத் தீர்த்துக்கட்டக் கள்ளச்சாராயக்காரன் 'ஏற்பாடு' செய்கிறான். அவனுக்குத் தண்டனையும் இல்லை. அடுத்து 'த்ரீ ஆன் எ மேட்ச்' (1932). 63 நிமிடத்துக்குள் பள்ளிப் பருவம், திருமணம், போதை, குழந்தைக் கடத்தல், மரணம் என எல்லாம் ஓடிவிடுகிறது. ஆன் டுவோராக் போதைக்கு அடிமையானதை ஹம்ஃப்ரி போகார்ட் மூக்கைத் தேய்த்துக் காட்டும் ஒரு சைகையில் சொல்லிவிடுகிறார், கண்ணிமைத்தால் தவறிவிடும்.

'ஃபீமேல்' (1933) கார் தொழிற்சாலையை நடத்தும் பெண்ணின் கதை. ஊழியர்களில் பிடித்தவனை இரவு வீட்டுக்கு அழைத்து, காலையில் மறந்துவிடுபவள். முதல் ஐம்பது நிமிடம் அபாரம். கடைசிப் பத்து நிமிடத்தில் நிறுவனத்தை ஆணிடம் ஒப்படைத்துக் குடும்பப் பெண்ணாகிறாள். விதிகள் கட்டாயம் ஆவதற்கு முன்பே ஸ்டுடியோக்கள் பாதுகாப்பான முடிவை ஒட்டிக்கொள்ளப் பழகிவிட்டன என்பதற்கு இது சாட்சி. நார்மா ஷியரருக்கு ஆஸ்கார் வாங்கித்தந்த 'தி டிவோர்சி' (1930) நின்று பேசும் படம். அந்த ஆண்டு மைக்குகளின் கட்டுப்பாடு ஒவ்வொரு காட்சியிலும் தெரியும். இதைத்தான் முதலில் போடுகிறவர்கள் பலர், போட்டுவிட்டு இந்தக் காலப் படங்களே மந்தமானவை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டு மூன்று படங்கள் பழகியபின் பார்த்தால் அதன் துணிச்சல் பிடிபடும்.

மூன்றாம் தொகுப்புதான் இந்த வரிசையின் உயிர். ஆறும் வில்லியம் வெல்மன் இயக்கியவை. கவர்ச்சியை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாறுவார்கள்; 1933இன் அமெரிக்கா எப்படி இருந்தது என்று அறிய விரும்புபவர்கள் இதைவிட்டு நகர மாட்டார்கள். 'ஹீரோஸ் ஃபார் சேல்' படத்தில் முதல் உலகப் போரில் காயம்பட்டவன் மார்ஃபினுக்கு அடிமையாகிறான். அவன் வீரத்துக்கான பதக்கம் வங்கிக்காரர் மகனுக்குப் போகிறது. சலவை ஆலையில் இயந்திரம் வந்து ஆட்களை வெளியேற்றுகிறது. கலவரத்தில் மனைவி சாகிறாள், அவன் சிறைக்குப் போகிறான், வெளியே வந்ததும் கம்யூனிஸ்ட் என்று ஊர் ஊராக விரட்டப்படுகிறான். போதை, போர், முதலாளி, போலீஸ் என அத்தனையையும் எழுபது சொச்சம் நிமிடத்தில் ஒரே மனிதன் மேல் ஏற்றியும் படம் முறியவில்லை. ரிச்சர்ட் பார்தெல்மஸின் இறுகிய முகம்தான் அதைத் தாங்குகிறது.

'வைல்ட் பாய்ஸ் ஆஃப் தி ரோட்' (68 நிமிடம்) வேலையிழந்த பெற்றோருக்குப் பாரமாக இருக்க விரும்பாமல் சரக்கு ரயிலேறும் பிள்ளைகளைப் பற்றியது. தண்டவாளத்தில் ஒரு சிறுவன் காலை இழக்கும் இடத்தில் வெல்மன் எதையும் காட்டவில்லை. காட்டாததே அடிவயிற்றைப் பிசைகிறது. நீதிபதி கருணை காட்டும் முடிவு மட்டும் வெளியிலிருந்து ஒட்டியதுபோல் நிற்கிறது. அவர் இருக்கைக்கு மேலே இருக்கும் நீலக் கழுகு, ரூஸ்வெல்ட் அரசின் தொழில் மீட்புத் திட்டச் சின்னம். 'மிட்நைட் மேரி', 'ஃபிரிஸ்கோ ஜென்னி' இரண்டும் நல்லவை. 'தி பர்ச்சேஸ் பிரைஸ்' ஸ்டான்விக்குக்காக ஒருமுறை.

நான்கு முதல் பத்துவரை 2012 முதல் வார்னர் ஆர்கைவ் பிரிவின் வழியே வந்தவை. இவை பெரும்பாலும் ஆலையில் அச்சடித்த வட்டுகள் அல்ல, ஆர்டர் வரும்போது எழுதித்தரும் டிவிடி-ஆர். படத்துக்குப் பெரிய சீரமைப்பு கிடையாது, வசனம் புரிய உதவும் ஆங்கில சப்டைட்டிலும் கிடையாது. 1932இன் சிகாகோ, நியூயார்க் கொச்சையைப் படபடவென்று பேசும் படங்களுக்கு இது பெருங்குறை. முதல் மூன்று தொகுப்புகளில் சப்டைட்டில் இருக்கிறது. ஆகவே பின்வந்த ஏழையும் மொத்தமாக வாங்காமல் பொறுக்கி எடுங்கள். ஏழாம் தொகுப்பு முதலிடம்: 'எம்ப்ளாயீஸ் என்ட்ரன்ஸ்' (1933) பெரிய கடையின் மேலாளன் ஊழியர்களை எப்படிப் பிழிகிறான் என்பதை ஈவிரக்கமின்றிச் சொல்கிறது. அதே பெட்டியில் எட்வர்ட் ஜி. ராபின்சன் சீனராக வேடமிட்ட 'தி ஹேட்செட் மேன்' இருக்கிறது. தணிக்கை இல்லாத காலம் என்றால் எல்லா வகையிலும் சுதந்திரமான காலம் என்று நினைப்பவர்கள் அதையும் பார்க்க வேண்டும். நான்காம் தொகுப்பின் 'ஜுவல் ராபரி', ஆறாம் தொகுப்பில் ஜான் கில்பர்ட் தானே கதை எழுதி நடித்த 'டவுன்ஸ்டேர்ஸ்' ஆகியவற்றையும் விட வேண்டாம்.

இந்த வரிசையில் நடிகைகள் மே வெஸ்ட், மார்லீன் டீட்ரிச், இயக்குநர் லூபிட்ச் ஏன் இல்லை? அவர்கள் பாரமவுண்ட் ஆட்கள். 1949 வரையிலான பாரமவுண்ட் பேசும்படங்களில் பெரும்பகுதியை 1958இல் எம்சிஏ என்ற நிறுவனம் வாங்கியது, பிறகு அவை யூனிவர்சலிடம் போயின. அதனால் பாரமவுண்ட் படங்களுக்கு 2009இல் யூனிவர்சல் வெளியிட்ட ஆறு படப் பெட்டியைத்தான் தேட வேண்டும். எம்ஜிஎம், ஆர்கேஓ, வார்னர் மூன்றும் டர்னர் வழியாக ஒரே கூரைக்கு வந்துவிட்டதால் இந்த வரிசையில் கலந்து கிடைக்கின்றன.

வாங்கியபின் பெரும்பாலோர் கெடுத்துக்கொள்வது டிவி அமைப்பில். இந்தப் படங்களின் சட்டக விகிதம் (அகலத்துக்கு உயரம்) ஏறத்தாழ 1.37க்கு 1, அதாவது பழைய 4:3 டிவிக்கு நெருக்கமானது. 16:9 திரையில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் வேண்டும். முகங்கள் அகலமாகத் தெரிந்தால் டிவி இழுத்துக் காட்டுகிறது. தலையுச்சி வெட்டுப்பட்டால் ஜூம் ஆகியிருக்கிறது. பிளேயரின் பட விகிதத்தையும் டிவியின் விகிதத்தையும் தனித்தனியே சரிபாருங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பிரச்சினை தீராது. அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைக்கவும், ஷார்ப்னெஸை மிகக் குறைக்கவும், நாய்ஸ் ரிடக்‌ஷனை முழுதாக நிறுத்தவும். அது அழிப்பது அழுக்கை அல்ல, படச்சுருளின் இயல்பான மணிகளை (கிரெய்ன்); முகங்கள் மெழுகாகிவிடும்.

ஒலி மோனோ. சரவுண்ட் விளைவைப் போட்டால் இரைச்சல் அறை முழுக்கப் பரவி வசனம் கரைந்துபோகும். மையத்தில் ஒரே ஸ்பீக்கர் போதும், பாஸைக் குறையுங்கள். 1930, 31 படங்களில் பின்னணி இசை அநேகமாக இருக்காது. வசனங்களுக்கு நடுவே வெறும் 'ஸ்ஸ்' மட்டும் கேட்டால் வட்டில் கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

பழைய பிரதி வாங்குபவருக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, ஓடும் நேரம். ஐரோப்பிய 'பால்' (PAL) முறை வட்டுகள் நொடிக்கு 24க்குப் பதில் 25 சட்டகங்களாக (ஃப்ரேம்) ஓடுவதால் எல்லாப் படமும் சுமார் 4 சதவீதம் சுருங்கும். 76 நிமிடப் படம் 73 ஆகத் தெரியும். 'பேபி ஃபேஸ்' 73 நிமிடம் என்று போட்டிருந்தால் வெட்டியது என்று முடிவுகட்ட வேண்டாம், 68 என்றால்தான் வெட்டியது. இரண்டு, வட்டின் ஆயுள். 2006 முதல் 2008 வரை தயாரான தன் டிவிடிகளில் சில காலப்போக்கில் படிக்க முடியாமல் போவதை 2025இல் வார்னரே ஒப்புக்கொண்டது. முதல் இரண்டு தொகுப்புகளும் வெளிவந்தது அதே ஆண்டுகளில். மேற்பரப்பில் கீறல் இல்லாததை வைத்து நம்பக் கூடாது, கோளாறு உள்ளே இருக்கும். முதல் சில நிமிடம் ஓட்டிப் பார்ப்பதும் பயன்படாது. வட்டு உள்விளிம்பிலிருந்து படிக்கப்படுவதால் தொடக்கம் நன்றாக ஓடி, பின்பாதியில்தான் உறைந்து நிற்கும். விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளும் கெடு முடிவதற்குள் ஒவ்வொரு வட்டையும் கணினியில் போட்டு முழுவதும் நகலெடுத்துப் பாருங்கள். நகல் பாதியில் நின்றாலோ வேகம் திடீரென்று தரைதட்டினாலோ வேறொரு டிரைவில் ஒருமுறை முயலுங்கள். அங்கும் அப்படியே என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.