மலைப்பாதைக்கான சைக்கிள் பை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கடந்த ஓராண்டில் மலைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டிவிட்டு வீடு திரும்பிய ஒவ்வொரு நாளும், இடுப்புப் பையைத் திறந்து, அன்று எந்தக் கருவி வெளியே வந்தது, எந்த உதிரி செலவானது, எது சும்மா ஊர் சுற்றிவிட்டுத் திரும்பியது என்று ஒரு நோட்டில் குறித்து வந்தேன். அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பையை முதலில் நிரப்பியபோது கருவிகளுக்கே முதலிடம் கொடுத்திருந்தேன். உதிரிகளைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. ஆண்டு முடிவில் நோட்டைப் புரட்டியபோது நிலைமை தலைகீழாக இருந்தது. என்னை நடக்கவிடாமல் காப்பாற்றியவை பெரும்பாலும் சில கிராம் எடை மட்டுமே உள்ள உதிரிகள். நடக்கவிட்ட நாட்களிலோ பையில் கருவிகளுக்குக் குறைவே இருக்கவில்லை.

முதலில் மல்ட்டிடூல் எனப்படும் மடக்குக் கருவி. என்னிடம் இருப்பது இருபது வேலைகள் செய்யும் என்று உறையில் அச்சிட்டு விற்கப்பட்ட ஒன்று. 2 முதல் 8 மி.மீ. வரையிலான ஆலன் கீகள், டி25 நட்சத்திர முனை, இரண்டு ஸ்குரூடிரைவர், ஸ்போக் திருகி, செயின் கட்டர் ஆகியவை அதில் உண்டு. ஆனால் ஆண்டு முழுவதும் நான் விரித்தவை 4, 5 மி.மீ. ஆலன் கீகளும் டி25 முனையும்தான் என்று சொன்னால் அது பெரிய மிகை ஆகாது. ஹேண்டில் பார், சீட், பிரேக் பிடி ஆகியவற்றின் போல்ட்டுகள் முதல் இரண்டில் அடங்கிவிடும். ஆறு போல்ட்டுகளால் பூட்டப்படும் பிரேக் தட்டுக்கு டி25 வேண்டும். ஸ்குரூடிரைவர்கள் இரண்டும் இன்னும் கடையில் இருந்த பளபளப்போடு இருக்கின்றன. எண்ணிக்கையை விட நீளமே இவ்வகைக் கருவியில் முக்கியம் என்பது பயன்படுத்திய பிறகுதான் புரிகிறது. மடிப்புக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக முனைகளைக் குட்டையாக்கிவிடுவதால், பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் போல்ட்டைப் போல உள்வாங்கி இருக்கும் இடங்களில் கருவியின் உடல் சட்டத்தில் இடித்துக்கொண்டு கால் சுற்றுக்கு மேல் திரும்ப மறுக்கிறது. 8 மி.மீ. முனை தனி முனையாக இல்லாமல், 6 மி.மீ. மீது மாட்டும் ஒரு சிறு உறையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அது மூன்றாம் மாதத்திலேயே எங்கோ புல்லுக்குள் விழுந்துவிட்டது. ராட்செட் கைப்பிடியும் கழற்றி மாட்டும் முனைகளும் கொண்ட மற்றொரு வகையையும் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்தேன். எட்டாத இடங்களுக்கும் அது அழகாக எட்டுகிறது என்றாலும், குளிரில் விறைத்த விரல்களால் அரிசி மணி பொறுக்குவதைப் போல முனைகளைப் பொறுக்க வேண்டியிருக்கிறது. எதை வாங்குவதாக இருந்தாலும், உங்கள் சைக்கிளில் இருக்கும் ஒவ்வொரு போல்ட்டிலும் அதை ஒருமுறை செருகித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வையுங்கள்.

செயினைப் பொறுத்தவரை எனக்கு ஒரு கசப்பான பாடம் கிடைத்தது. ஒரு செங்குத்தான ஏற்றத்தில் என் 12 வேகச் செயின் (பின்னால் 12 பல்சக்கரங்கள் உள்ள சைக்கிளுக்கானது) அறுந்தது. பையில் செயின் கட்டரும் இருந்தது, இரண்டு பாதிகளாகப் பிரிந்து கோத்துக்கொள்ளும் குவிக் லிங்க் ஒன்றும் இருந்தது. ஆனால் அந்த லிங்க் பழைய சைக்கிளுக்காக வாங்கிய 11 வேகத்துக்குரியது. செயின்கள் எல்லாவற்றிலும் ஊசிக்கும் ஊசிக்கும் இடையிலான தூரம் 12.7 மி.மீ. என்று ஒரே அளவாக இருப்பதால் எதுவும் எதற்கும் பொருந்தும் என்ற மயக்கம் எளிதில் ஏற்படுகிறது. உண்மையில் பல்சக்கரங்களின் எண்ணிக்கை கூடக் கூடச் செயினின் அகலம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அகலமான லிங்க்கை எப்படியோ பூட்டி ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அது பல் தாவியது. சிறிது தூரத்தில் கழன்றும் விட்டது. மீதி வழியெல்லாம் நடைதான்.

அன்றிலிருந்து சரியான அளவில் இரண்டு குவிக் லிங்க்குகளை எப்போதும் வைத்திருக்கிறேன். ஒன்று போதாதா என்று கேட்கலாம். ஸ்ராம், ஷிமானோ ஆகிய இரு நிறுவனங்களுமே தங்கள் 12 வேக லிங்க்குகளை ஒருமுறை மட்டுமே பூட்டச் சொல்கின்றன என்பதால், அவசரத்தில் தவறாகப் பூட்டிக் கழற்ற நேர்ந்தால் இரண்டாவது கைகொடுக்கும். குவிக் லிங்க் என்பது ஒரு வெளிக்கண்ணிக்கு மாற்று; ஆகவே அதைக் கோப்பதற்கு முன் அறுந்த செயினின் இரு முனைகளிலும் உட்கண்ணி இருக்கும்படி வெட்டிக்கொள்ள வேண்டும். செயின் கட்டரின் உண்மையான வேலை இதுதான். பழைய ஊசியையே மீண்டும் அழுத்திச் சேர்ப்பது இன்றைய மெல்லிய செயின்களில் நம்பத்தக்கதல்ல. இப்படிக் கண்ணிகள் குறைந்த செயினோடு திரும்பும்போது மிகப் பெரிய பின் பல்சக்கரத்துக்கு மாற்றாமல் இருப்பது நல்லது. செயினின் நீளம் அதற்குப் போதாமல் கியர் மாற்றியையே இழுத்துப் பிடுங்கிவிடக்கூடும்.

லிங்க்கைக் கழற்றுவதற்கென்றே உல்ஃப் டூத் நிறுவனம் வெளியிட்டிருக்கும் சிறு குறடு, இந்தப் பையில் நான் மனமாரப் பாராட்டும் ஒரே கருவி. அதன் உடலிலேயே உதிரி லிங்க்குகளை ஒட்டி வைக்க இடம் உண்டு என்பதால் தேடும் வேலை மிச்சம். கூடுதலாக, டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயரில் கையால் அசையாத வால்வின் அடி நட்டைப் பிடித்துத் திருகவும் அது உதவியது. குறடு இல்லாதவர்கள் காலணிக் கயிற்றை லிங்க்கின் இரு பக்கமும் சுற்றி எதிரெதிராக வெட்டி இழுத்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். பூட்டுவதற்கோ கருவியே தேவையில்லை, லிங்க்கை மேல்பக்கம் கொண்டுவந்து பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை ஓங்கி மிதித்தால் போதும்.

அடுத்து ஹேங்கர். பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு இணைக்கும் இந்தச் சிறு அலுமினியத் துண்டு, பாறையில் மோதும்போது தான் வளைந்தோ முறிந்தோ சட்டத்தையும் கியர் மாற்றியையும் காப்பதற்காகவே மென்மையாகச் செய்யப்படுகிறது. பலியாடாகவே பிறந்தது என்பதால் மாற்று ஒன்று கையில் இருக்க வேண்டும் என்பது வெளிப்படை. ஆனால் நெடுங்காலமாக ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒவ்வொரு வடிவம் என்றிருந்ததால், நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து சென்றாலும் ஒருவருடையது மற்றவருக்கு உதவாது. 2019ஆம் ஆண்டு ஸ்ராம் நிறுவனம் யுடிஎச் என்ற பொது வடிவத்தைக் கொண்டுவந்த பிறகு பல நிறுவனங்கள் அதை ஏற்றுக்கொண்டன. என் சட்டமும் அந்த வகைதான் என்பதால், குழுவில் யாராவது ஒருவர் பையில் அது இருந்தாலே நிம்மதி. ஒரு விஷயத்தை மட்டும் வீட்டிலேயே பழகிக்கொள்ள வேண்டும்: யுடிஎச் போல்ட்டின் மரை இடப்பக்க மரை. வழக்கமான திசையில் கழற்ற முயன்றால் அது மேலும் இறுகும். அதற்குத் தேவைப்படுவதும் 8 மி.மீ. ஆலன் கீ, மேலே சொன்ன, புல்லுக்குள் போன அந்த உறை. நிறுவனம் சொல்லும் இறுக்கம் 25 நியூட்டன் மீட்டர். எட்டு செ.மீ. நீளமே உள்ள மடக்குக் கருவியில் அந்த இறுக்கத்தைப் பெற ஏறத்தாழ 32 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமமான விசை வேண்டும். பாதையில் முடிந்தவரை இறுக்கிவிட்டு, வீட்டில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு சரிபார்ப்பதே வழி. ஸ்ராமின் டிரான்ஸ்மிஷன் வகைக் கியர் மாற்றி பொருத்தியிருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அது ஹேங்கர் இன்றி நேரடியாகச் சட்டத்திலேயே பூட்டப்படுகிறது.

டயருக்கு வருவோம், ஏனெனில் நோட்டில் அதிகப் பக்கங்களைப் பிடித்தது அதுதான். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றியிருக்கும் சீலன்ட் என்ற அடைப்புத் திரவம் அடைக்காத துளைகளுக்கு, ரப்பர் ஊறிய நார்த் துண்டாகிய பிளக் போன்ற எளிய, திறமையான பொருள் வேறில்லை. முள்ளையோ கல்லையோ கண்டவுடன் பிடுங்கி எறியாமல், முதலில் பிளக்கைத் தயாராக வைத்துக்கொண்டு, பிறகு பிடுங்கி உடனே செருகினால் காற்றில் பாதிக்கு மேல் மிஞ்சும். செருகும் ஊசியைப் பாதி ஆழத்தோடு நிறுத்தி, வெடுக்கென்று இழுத்துவிட வேண்டும். பிறகு அந்த இடம் கீழே வருமாறு சக்கரத்தைத் திருப்பி வைத்தால் சீலன்ட் தேங்கி மீதியை அடைக்கும். இந்த ஓராண்டில் ஏழு பிளக்குகள் செருகினேன், ஆறு நின்றன. ஏழாவது பிளக், டயரின் பக்கச் சுவரில் ஏற்பட்ட கிழிசலுக்கானது, அது நிற்கும் என்று எதிர்பார்த்ததே என் தவறு. பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்வதால் பிளக்கை வெளியே தள்ளிவிடுகிறது. அங்கே உள்ளிருந்து ஒட்டுப் போட்டு டியூப் ஏற்றுவதுதான் வழி; ஒட்டுக்குப் பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு துண்டே போதும். பிளக்குகளில் மெல்லியதும் தடித்ததும் என இரு வகையும் வைத்திருப்பது நல்லது. சிறு துளைக்குத் தடித்ததைத் திணிக்கப் போனால் துளைதான் பெரிதாகும்.

காற்று நிரப்புவதில் வாயு அடைத்த சிறு குப்பியான கேட்ரிட்ஜா பம்பா என்ற வாதம் ஓயாதது. நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 29 அங்குலச் சக்கரத்தில் 2.4 அங்குல அகலமுள்ள டயரின் கொள்ளளவு ஏறத்தாழ 6 லிட்டர். 16 கிராம் கரியமில வாயு கேட்ரிட்ஜ் சாதாரண வெப்பத்தில் எட்டே முக்கால் லிட்டர் வாயுவாக விரியும். அது அந்த டயரில் சுமார் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தரும். ஒரு சொட்டுக்கூட வீணாகாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு, பதற்றத்தில் எப்போதும் சிறிது வீணாகவே செய்யும். ரிம்மிலிருந்து விலகிய டயரைப் படீரென்று உட்கார வைப்பதற்குக் கேட்ரிட்ஜுக்கு இணையில்லை. மற்றபடி அதன்மேல் எனக்குப் பெரிய பற்று இல்லை. விரியும் வாயு உலோகத்தை உறைய வைத்துக் கையைச் சுடும். பியூட்டைல் ரப்பர் வழியாகக் காற்றைவிட வேகமாகக் கசிந்து அடுத்த நாளே டயர் இளகிவிடும். சில சீலன்ட்டுகளைக் கட்டியாக்கவும் செய்யும். வால்வைப் பக்கவாட்டில் வைத்து நிரப்பினால் கடைசிச் சிக்கல் ஓரளவு குறைகிறது.

பம்ப்புக்கு இந்தத் தொல்லைகள் இல்லை, வேர்வை மட்டுமே விலை. அதே டயரில் 22 பிஎஸ்ஐ ஏற்ற ஒன்பது லிட்டர் காற்று வேண்டும் என்பதால், ஓர் அடிக்கு 40 சிசி தள்ளும் குட்டிப் பம்ப்பில் கணக்குப்படியே 225 அடிகள் அடிக்க வேண்டும். 100 சிசி பம்ப்பில் 90. நடைமுறையில் இரண்டுமே கூடத்தான் ஆகும். நான் 40 சிசியிலிருந்து ஒன்அப் நிறுவனத்தின் 100 சிசி பம்ப்புக்கு மாறிய நாளில்தான் பஞ்சர் ஒட்டும் வேலையில் பொறுமை என்ற ஒன்று எனக்குத் திரும்பியது. அதன் உட்புறத்தில் அதே நிறுவனத்தின் சிறு கருவியைச் செருகி வைக்கலாம் என்பது கூடுதல் வசதி. பம்ப் எதுவானாலும் வாங்கும்போது அழுத்த எல்லையைப் பெருமையாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நூறு பிஎஸ்ஐ என்பது மெல்லிய சாலை டயருக்கானது. மலைப்பாதை டயருக்கு வேண்டியது அழுத்தமல்ல, அளவு.

டியூப்பை இன்னும் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மேலே சொன்ன பக்கச் சுவர்க் கிழிசலே பதில். டிபியு என்ற பிளாஸ்டிக் வகை டியூப், வழக்கமான பியூட்டைல் டியூப்பின் எடையில் பாதிக்கும் குறைவு. மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். ஆனால் அதற்குரிய ஒட்டுகள் தனி. சாதாரண ஒட்டும் ரப்பர் பசையும் அதில் ஒட்டாது. எந்த டியூப்பை ஏற்றினாலும் அதற்கு முன் டயரின் உட்புறத்தை விரலால் கவனமாகத் தடவிப் பாருங்கள். சீலன்ட் அடைத்துவிட்டதால் உங்களுக்குத் தெரியாமலே மாதக்கணக்கில் குடியிருந்த முட்களெல்லாம் அங்கே நீட்டிக்கொண்டிருக்கும். எனக்கு ஒரே டயரில் ஐந்து கிடைத்தன. அவை கிடைத்தது புது டியூப் பஞ்சரான பிறகு. டியூப்பைக் கருவிகளோடு சேர்த்துப் போடாமல் ஒரு பழைய காலுறைக்குள் வைப்பதும் அவசியம். பையின் குலுக்கலில் உரசி உரசி, ஒருமுறைகூட ஏற்றாத டியூப் ஓட்டையாகிவிடும்.

மீதியுள்ள உதிரிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். பிரெஸ்டா எனப்படும் மெல்லிய வகை வால்வுக்கு ஓர் உள்ளீடு, அதைக் கழற்றும் சிறு சாவி. சீலன்ட் அடைத்த வால்வுக்கும் பம்ப் வளைத்த வால்வுக்கும் இதுவே மருந்து. பின் பிரேக்குக்கு ஒரு ஜோடி பேட், அதன் ஸ்பிரிங்கும் ஊசியும் சேர்த்து. மழைச் சேற்றில் ரெசின் பேட்டுகள் ஒரே நாளில் கரைந்து உலோகம் தெரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். காலணியைப் பெடலில் பூட்டும் கிளீட்டுக்கு ஒரு போல்ட், பிரேக் தட்டுக்கு ஒரு டி25 போல்ட், நான்கைந்து பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகள், பம்ப்பின் மேலேயே சுற்றி வைத்த ஒட்டு நாடா. ஸ்ராமின் கம்பியில்லாக் கியர் வைத்திருப்பவர்கள் ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரியும் எடுத்துக்கொள்ளலாம்.

நோட்டை முடித்த அன்று பையை முழுவதும் தரையில் கொட்டிப் பார்த்தேன். மடக்குக் கருவியின் மூட்டில் துரு பிடித்திருந்தது, ஒரு துளி எண்ணெயில் சரியாயிற்று. பையின் அடியில், முதல் நாளிலிருந்து கிடந்த பஞ்சர் பசைக் குழாயை அழுத்தினேன். உள்ளே இருந்தது காய்ந்து கல்லாகிப் பல மாதங்கள் ஆகியிருக்க வேண்டும்.