வண்டலூர் ஹெரால்டுக்கு எந்த பார்ட் சரி: பழசா, இங்கிலாந்துப் புதுசா, சேலத்துப் பட்டறையில் செய்ததா?

சென்னை புதுப்பேட்டையில் ஒரு கடை. பலகைமேல் இரண்டு டைனமோக்களை எடுத்து வைத்தார்கள். இரண்டுமே 1960களில் வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய காரில் உட்காரும். ஒன்றில் ‘லூகாஸ், மேட் இன் இங்கிலாண்ட்’ என்று அடித்திருந்தது. இன்னொன்றில் ‘லூகாஸ்-டிவிஎஸ்’. முதலாவதற்கு இரண்டு மடங்கு விலை. “சீமைச் சரக்குங்க, இதுதான் ஒரிஜினல்” என்றார் கடைக்காரர்.

நான் லூகாஸ்-டிவிஎஸ்ஸைத்தான் வாங்கி வந்தேன். காசுக்காக அல்ல. என் வண்டிக்கு அதுதான் ஒரிஜினல்.

ஏற்காட்டில் உறவினர் ஒருவரின் காபி எஸ்டேட் கொட்டகையில் பல வருஷம் சாக்கு போர்த்திக் கிடந்த 1969 மார்க் 3 வண்டி அது. வண்டலூர் தொழிற்சாலையில் பிறந்தது. சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் கம்பெனி தொடங்கியது 1961இல். 1960களின் நடுவிலேயே ஸ்டாண்டர்டு கம்பெனி உள்நாட்டுப் பாகங்களுக்கு மாறிவிட்டது. அப்படியிருக்க, 1969ஆம் வருஷத்து வண்டியில் இங்கிலாந்து டைனமோவை மாட்டினால் அதுதான் வெளியாள். இதே கேள்வியை 1961இல் வந்த மார்க் 1 வைத்திருப்பவர் கேட்டால் என் பதில் தலைகீழாக இருக்கும். முதல் வண்டிகளில் சீமைப் பாகங்கள் ஏராளம்.

இன்னொன்று. லூகாஸ் பாகங்களின் உடம்பில் பார்ட் நம்பருக்குப் பக்கத்தில் மாதமும் வருஷமும் சின்னதாக அடித்திருக்கும். கிரீஸைத் துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அந்தச் சீமை டைனமோவில் ‘4 58’ என்று இருந்தது. 1958 ஏப்ரல். ஹெரால்டு இங்கிலாந்தில் வெளிவந்ததே 1959இல்தான். வேறு ஏதோ வண்டியில் ஓடிய டைனமோவை ஹெரால்டு ஒரிஜினல் என்று விற்கிறார்கள். கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் அந்த எண்ணைப் பார்த்ததே இல்லை.

ஆகவே எங்கே வாங்குவது என்பதற்கு முன்னால், கையில் இருப்பது என்ன என்று படிக்கத் தெரிய வேண்டும். ஹெரால்டை உருவாக்கிய இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனியின் சொந்தப் பாகங்களில் ‘ஸ்டான்பார்ட்’ என்ற முத்திரையைத் தேடுங்கள். வார்ப்பில் எழும்பி நிற்கும் எண்ணும் கேட்டலாகில் உள்ள பார்ட் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அது ஒத்துப்போகவில்லை என்று நல்ல சிலிண்டர் ஹெட்டைத் திருப்பி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்மித்ஸ் ஸ்பீடோமீட்டர் என்றால் டயலின் அடியில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது அது. மீட்டர் ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தாலும் அந்த எண் மாறினால் முள் காட்டும் வேகம் பொய்தான்.

போல்ட்டும் அப்படித்தான். இந்த வண்டியில் இருப்பது அங்குலக் கணக்கு. 5/16 போல்ட்டின் தடிமன் 7.94 மில்லிமீட்டர், நம் கடைகளில் கிடைக்கும் எம்-8 போல்ட் 8 மில்லிமீட்டர். கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் முன்னதில் ஓர் அங்குலத்துக்கு 24 மரை, பின்னதில் 20 சொச்சம். எம்-8ஐ விட்டுத் திருகினால் இரண்டு சுற்று சுகமாகப் போகும், அப்புறம் இறுகும். இறுகுகிறது என்று இன்னும் ஒரு தம் கொடுத்தால் உள்மரை போச்சு. எனக்கு முன்னால் யாரோ ஒருவர் வாட்டர் பம்ப்பில் இப்படித் தம் கொடுத்திருக்கிறார். அந்த ஓட்டையை மீட்க லேத் பட்டறையில் ஒரு நாள் முழுக்கப் போனது.

சரி, இனி ஒவ்வொன்றாக ஒப்பிடலாம்.

கதவு, பின்பக்கக் கண்ணாடி, பாடி விஷயத்தில் இங்கிலாந்துக் கடைகளை மறந்துவிடுங்கள். நான்கு கதவு ஹெரால்டு நம் நாட்டில் 1960களில் வந்தது. இங்கிலாந்தில் அப்படி ஒன்று செய்யவே இல்லை. மிச்சமிருப்பது இரண்டே வழி. ஓடாத வண்டி ஒன்றை முழுசாக வாங்கிப் பிரிப்பது, அல்லது டிங்கரிடம் தகடு அடித்து வாங்குவது. பிரிக்க கேஸல் என்ற கார் கிடைக்கும் என்பார்கள். 1970களில் வந்த கேஸல் ஹெரால்டிலிருந்து பிறந்ததுதான், ஆனால் கிரில் வேறு, டிக்கி வேறு, பின் ஆக்சிலும் வேறு. ஆகவே டேப்பும் கையுமாகப் போய் அளந்துவிட்டு முன்பணம் கொடுங்கள். தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் சில் போன்றவற்றுக்கு நான் டிங்கர் பக்கம். லாரிக்கு பாடி கட்டியே பழகிய கைகள் சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் எத்தனையோ. மழையிலும் பனியிலும் ஊறி ஏற்காட்டு வண்டியின் தகடு அடியிலிருந்துதான் அரிக்கும். செல்லரித்த பழைய தகட்டைத் தேடிப் போய் வாங்குவதைவிட, புதுத் தகட்டில் அதே மடிப்பை அடித்து வாங்குவது மேல். இந்த வண்டியின் பாடி சேஸ்மேல் பகுதி பகுதியாக போல்ட் போட்டு நிற்பதால், தகட்டைப் பட்டறைக்குக் கழற்றிக் கொண்டு போகலாம். அம்பாசிடர்காரர்களுக்கு இந்த வசதி இல்லை.

இன்ஜின் உள்ளே நிலைமை வேறு. 948 சிசி இன்ஜின் அங்கும் இங்கும் ஒன்றுதான். கேஸ்கெட், வால்வு, பேரிங் எல்லாம் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. கொரியர் செலவும் சுங்கமும் சேர்ந்தால் கை கடிக்கும், ஆனாலும் அது வீண் செலவல்ல. முன் சக்கரத்தின் அடியில், ஸ்டியரிங் திரும்பும் இடத்தில் இருக்கும் டிரன்னியன் என்ற வெண்கலத் துண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்குள் மரை போட்ட தண்டு திரும்புகிறது. வேண்டியது கியர் ஆயில், 90 நம்பர். பலரும் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். அது உள்ளே இறங்காமல் காய்ந்து, மரை தேய்ந்து, கடைசியில் தண்டே முறிந்து சக்கரம் உள்ளே மடிந்துவிடும். பழைய கடையில் இது பளபளவென்று கிடைக்கும். வாங்காதீர்கள். தேய்மானம் உள்ளே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. லேத்தில் கடைந்து தருகிறேன் என்று நல்ல வேலைக்காரர் ஒருவர் எனக்குச் சொன்னார், நன்றி சொல்லி மறுத்தேன். இடதும் வலதும் எதிரெதிர் மரை என்பதையும் வாங்கும்போது மறக்க வேண்டாம்.

பிரேக் ரப்பரில் நான் ஒரு பாடம் பட்டேன். அட்டைப் பெட்டி பிரியாத பழைய ஸ்டாக் வீல் சிலிண்டர் கிட், கர்லிங் என்ற பிரேக் கம்பெனியின் பெயரோடு கிடைத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாட்டிக்கொண்டு ஏற்காடு ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் பெடல் மெதுவாகக் கீழே இறங்கியது. நல்லவேளை, ஏறிக்கொண்டிருந்தோம்; ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கல் வைத்து நிறுத்தினோம். பெட்டி பிரியாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன், ஓர் இடத்தில் ஒழுகினால் எல்லாம் போச்சு. பழைய ஸ்டாக் என்ற சொல் இரும்புக்கும் கண்ணாடிக்கும் பெருமை, ரப்பருக்கு இல்லை. அந்தப் பெட்டியை மட்டும் ஷெல்பில் வைத்திருக்கிறேன். அதன் அச்சு அவ்வளவு அழகு.

பம்பருக்கு வருவோம். ஸ்டீல் பிளான்ட் இருக்கும் சேலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வளைத்துவிடலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். துருப்பிடிக்காது, செலவும் குறைவு. ஆனால் வெயிலில் நிறுத்திப் பாருங்கள்: ஸ்டெயின்லெஸ் வெளிறிய சாம்பல் பளபளப்பு, குரோமியம் லேசாக நீலம் ஓடும் பளபளப்பு. பழைய பம்பரையே ஒடுக்கெடுத்து, செம்பு, நிக்கல், குரோமியம் என்று வரிசையாக முலாம் பூசவைத்தேன். செம்புப் பூச்சை மிச்சம் பிடித்தால் சீக்கிரம் கொப்புளிக்கும், அதில் பேரம் பேசாதீர்கள்.

பானெட்டில் இருந்த எழுத்துகளில் ஒன்று உடைந்திருந்தது. அதை எங்கும் வாங்க முடியவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் மிச்ச எழுத்துகளைக் காட்டினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர், “இந்த ஓரம் சாய்வா தேஞ்சிருக்குது தம்பி, தேய்மானத்தோட செய்யட்டுமா, புதுசாட்டம் செய்யட்டுமா?” என்று கேட்டார். தேய்மானத்தோடு என்றேன். இப்போது எது அவர் செய்தது என்று எனக்கே உடனே தெரிவதில்லை. எழுத்தின் பின்பக்கத்தில் மட்டும் செய்த வருஷத்தைப் பொறிக்கச் சொன்னேன். நாளைக்கு இதைக் கழற்றுகிறவர் ஏமாறக் கூடாது.

மாருதி இன்ஜினைப் போட்டுவிடுங்கள், நிம்மதி என்று சொல்கிறவர்கள் உண்டு. வண்டி ஓடும். ஆனால் 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டி, சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் ‘விஏ’ எழுத்து கொண்ட விண்டேஜ் நம்பர். என் வண்டி அந்த வயதைத் தாண்டிவிட்டது. இன்ஜினை மாற்றினால் அந்த வாசல் அடைபடும். எனக்கு இதில் யோசனைக்கே இடமில்லை.

டயரில் மட்டும் நான் பழமையை விட்டுக்கொடுத்தேன். கம்பெனி போட்டது 5.20-13 அளவில் கிராஸ் பிளை என்ற பழைய ரக டயர். பார்வைக்கு அதுதான் பொருத்தம், ஒல்லியாக உயரமாக நிற்கும். ஹெரால்டு 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பின்னால் எடுக்காமல் ஒரே திருப்பில் போகிறது. ஆனால் இறங்கும்போது வளைவின் நடுவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து திடீரென்று காலை எடுத்தால், இதன் பின் சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும். அந்தச் சமயத்தில் தரையைப் பிடிக்க எனக்கு இந்தக் காலத்து ரேடியல் டயர் வேண்டும். 155 அளவு போட்டிருக்கிறேன். கிராஸ் பிளை நான்கும் எஸ்டேட் கொட்டகையில், வண்டி கிடந்த அதே மூலையில், பலகைமேல் அடுக்கியிருக்கின்றன. எங்காவது கண்காட்சிக்கு நிறுத்த வேண்டுமென்றால் அன்றைக்கு மட்டும் மாட்டுவேன்.