நீலப் புகைக்குக் காரணம் கண்ட சிங்காநல்லூர் பட்டறை
2009-இல் வாங்கிய எங்கள் டர்போ டீசல் கார், சிக்னலில் சில நிமிடங்கள் நின்றுவிட்டுக் கிளம்பும்போதெல்லாம், ஆயில் எரிவதைக் காட்டும் நீலப் புகை தள்ளியது. முதலில் காட்டிய இடத்தில், பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றி ஆயில் மேலேறாமல் தடுக்கும் வளையம்) தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்று பார்த்தவுடனே சொல்லிவிட்டார்கள். மனம் ஒப்பாமல், கோவை சிங்காநல்லூர் அருகேயுள்ள ஒரு சிறு பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்த மூத்த மெக்கானிக் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கேள்விகளைத்தான் கேட்டார். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் புகை வந்தால் வால்வு சீலையும், எந்நேரமும் வந்தால் ரிங்கையும் சந்தேகிக்கலாம் என்றும், ஐடிலில் நின்றபின் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வருவது பெரும்பாலும், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் கோளாறு என்றும் விளக்கினார். இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். காற்று அழுத்தமாக வெளியேறவில்லை; அதனால் ரிங் மீதான சந்தேகம் விலகியது. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றியதும் கரிய ஆயில் அவருடைய உள்ளங்கையில் வழிந்தது. டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் கரிபிடித்துப் பாதி அடைத்திருந்ததே டர்போவின் சீல் கசிந்ததற்குக் காரணம். அதை விட்டுவிட்டுப் புது டர்போ போட்டிருந்தால் அதுவும் கசிந்திருக்கும்.

டர்போவின் உட்பகுதியையும் அந்தக் குழாயையும் மாற்றி, இன்டர்கூலரையும் கழுவிக் கொடுத்தார்கள். தேங்கிய ஆயிலை டீசல் இன்ஜின் எரிபொருளாகவே உறிஞ்சி, சாவியை அணைத்த பின்னும் நிற்காமல் சீறக்கூடும் என்பதால், இந்த வேலையைத் தட்டிக்கழிக்கவே கூடாது. நான்கு நாள் என்றது ஏழு நாளாகியது. பில்லில் கூலியையும் உதிரிப் பாகங்களையும் பிரித்து எழுதியிருக்கலாம். ஆனால், கழற்றிய பாகங்கள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு என்னிடமே ஒப்படைத்தார்கள்.