மாடல் டி எஞ்சினின் மெயின் பேரிங்: காது, டயல் கேஜ், பிளாஸ்டிகேஜ் – எதை எப்போது நம்புவது?

1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி எஞ்சினில் கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங் மூன்றே மூன்று, மூன்றும் பாபிட் என்ற மென்மையான உலோகக் கலவை. ஆயில் பம்ப் கிடையாது. ஃப்ளைவீல் வாரியடிக்கும் எண்ணெய்தான். பிரஷர் கேஜைப் பார்த்துத் தேய்மானத்தை ஊகிக்க இங்கே வழியில்லை.

காதுக்குச் செலவில்லை. எஞ்சின் ஓடும்போது காயில் பெட்டியில் டிரெம்ப்ளரை (ஒரு சிலிண்டருக்குப் பொறி தரும் அதிர்தகடு) விரலால் அழுத்திப் பிடித்தால் அந்த சிலிண்டர் மட்டும் எரியாது. தட்டும் சத்தம் அடங்கினால் கோளாறு அந்த சிலிண்டரின் கனெக்டிங் ராடில், அதாவது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டில். எதை அழுத்தினாலும் அடியிலிருந்து மந்தமான 'தொம் தொம்' தொடர்ந்தால் மெயின் மேல் சந்தேகம். அதற்கு முன் ஸ்பார்க் லீவரை மேலே தள்ளி, பொறி நேரத்தைத் தாமதித்துப் பாருங்கள். டைமிங் முந்தியிருந்தாலும் இதே மாதிரி இடிக்கும்; அதற்காக எஞ்சினைப் பிரித்தவர்கள் உண்டு.

காது அளவு சொல்லாது, டயல் கேஜ் சொல்லும். கேஜை பிளாக்கில் பொருத்தி, முள்ளை முன்பக்க புல்லி முகத்தில் வைத்து, கிராங்கை முன்னும் பின்னும் நெம்புங்கள். முள் காட்டும் முன்பின் ஆட்டம் 0.005 அங்குலத்துக்குள் இருந்தால் கவலையில்லை. 0.015-ஐத் தாண்டினால் பின் மெயின் பேரிங்கின் பக்கவாட்டு முகம் தேய்ந்துவிட்டது. மாடல் டி-யில் இதுதான் பெரிய விஷயம், ஏனென்றால் மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் காந்தங்கள் ஃப்ளைவீலிலேயே இருக்கின்றன. கிராங்க் பின்னால் நகர்ந்தால் காந்தத்துக்கும் காயில் வளையத்துக்கும் இடைவெளி கூடி மின்சாரம் குறையும். முன்னால் நகர்ந்தால் காந்தம் காயில் வளையத்தை உரசும். ஆனால் மேல்கீழ் ஆட்டத்தைப் பற்றி இந்த அளவு எதுவும் சொல்லாது.

அதற்கு பிளாஸ்டிகேஜ்: நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளியைக் காட்டும் மென்மையான இழை. பச்சை இழை 0.001 முதல் 0.003 அங்குலம் வரை காட்டும். எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, இழையை ஜர்னலின் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் பகுதி) நீளவாக்கில் வைத்து, பேரிங்கின் மூடியான கேப்பை முறுக்கி இறுக்கி, பிறகு கழற்ற வேண்டும். இடையில் கிராங்கைச் சுற்றக்கூடாது. எஞ்சினை நிமிர்த்தி வைத்துச் செய்தால் கிராங்கின் எடை கேப் மேல் உட்கார்ந்து, இடைவெளியே இல்லாததுபோல் காட்டிவிடும். ஸ்டாண்டில் கவிழ்த்துச் செய்தால்தான் உண்மை தெரியும். பின் மெயின் கேப்போ அடித்தட்டுக் கதவு வழியாக எட்டாது. எஞ்சினை இறக்கியே ஆகவேண்டும்.

ஆகவே முதலில் காது, அடுத்து டயல் கேஜ். இரண்டும் மெயினைக் கைகாட்டினால் மட்டும் எஞ்சினை இறக்குங்கள். கேப்புக்கு அடியிலுள்ள மெல்லிய தகடான ஷிம்மை எடுத்து இறுக்குமுன் ஜர்னலை மைக்ரோமீட்டரால் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். முட்டை வடிவாகியிருந்தால் ஷிம் எடுத்துப் பயனில்லை: ஓரிடத்தில் பிடிக்கும், கால் சுற்றில் தளரும்.

விரிசலை மூன்றுமே காட்டாது. கிராங்க் வெளியே வந்ததும் காந்தத் துகள் சோதனை (காந்தமாக்கி, இரும்புத் துகளால் விரிசலைக் காணும் முறை) செய்துவிடுங்கள். விரிசல் இருந்தால், கியர் பெட்டியின் பின்முனையில் நான்காவது மெயினாக நிற்கும் பால் கேப் நேர்கோட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது விலகியிருந்தால் கிராங்க் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்கிறது. புதுக் கிராங்க் போட்டாலும் அதே இடத்தில்தான் முறியும்.