இஎல்84 வால்வு ஆம்ப்: சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்த பிறகு

சொந்தமாகக் கட்டிய வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் ஒன்று எங்கள் வீட்டு ஹாலில் சில ஆண்டுகளாகப் பாடிக்கொண்டிருக்கிறது. சேனலுக்கு ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வான இஎல்84 ஒன்று, அதற்கு முன்னால் சிக்னலைப் பெருக்க, ஒரே குழாயில் இரண்டு வால்வு அடங்கிய ஈசிசி83இல் ஒரு பாதி, அவ்வளவுதான் சர்க்யூட். வால்வு, கப்பாசிட்டர், ரெசிஸ்டர் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாயிற்று. ஒலியைப் பெரிதாக மாற்றியது எது என்றால் வால்வை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைத்தான் சொல்வேன்.

ஆரம்பத்தில் பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான் போட்டிருந்தேன். குரல் அருமையாக வந்தது. மிருதங்கத்தில் வலப்பக்கமான வலந்தலை சுத்தமாகக் கேட்டது. பேஸ் தரும் இடப்பக்கத் தொப்பி மட்டும் அட்டைப் பெட்டியைத் தட்டுவது போல இருந்தது. ஒற்றை வால்வு சர்க்யூட்டில் டிரான்ஸ்ஃபார்மரின் வால்வு பக்கச் சுற்றான பிரைமரி வழியாக எப்போதும் டிசி (ஒரே திசை மின்னோட்டம்) ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இரும்புக் கோர் காந்தத்தால் செறிவடையாமல் இருக்க, E வடிவத் தகடுகளை ஒரு பக்கமும் I வடிவத் தகடுகளை மறுபக்கமும் அடுக்கி, நடுவில் மெல்லிய காகிதம் வைப்பார்கள். அந்த இடைவெளியால் சுற்றின் இண்டக்டன்ஸ் (தூண்டல்) குறையும், பேஸ் போய்விடும். ஈடுகட்ட வேண்டுமானால் கோரும் பெரிதாக வேண்டும், சுற்றும் கூட வேண்டும். காயில் கட்டுபவரிடம் உட்கார்ந்து பேசி, 5 கிலோ ஓம் பிரைமரியையும் ஸ்பீக்கர் பக்கத்து 8 ஓம் செகண்டரியையும் மாறி மாறி அடுக்காகச் சுற்றி வாங்கினேன். மாட்டியதும் தொப்பியின் கும்கி காதில் விழுந்தது!

அப்புறம் டிரயோடு இணைப்பு, அதாவது இஎல்84ஐ ஒரே கிரிட் உள்ள எளிய வால்வு போல இயங்கவைப்பது. இஎல்84இன் இரண்டாவது கிரிடான ஸ்கிரீன் கிரிடை சப்ளையிலிருந்து பிரித்து, 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக, வால்வின் வெளியீட்டு முனையான பிளேட்டில் சேர்த்துவிட்டால் போதும். 5 வாட் கொடுத்த வால்வு சுமார் 2 வாட்டுக்கு இறங்கிவிடும். ஆனால் வயலின் மேல்ஸ்தாயியில் இருந்த உறுத்தல் போய்விட்டது. சென்சிட்டிவிட்டி 90 டெசிபெல் உள்ள என் ஸ்பீக்கருக்கு, இரவில் கேட்க அந்த 2 வாட்டே தாராளம்.

வால்வில் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் கேத்தோடு ரெசிஸ்டர் டேட்டா ஷீட்டில் 135 ஓம். அதில் பிளேட் தாங்கக்கூடிய 12 வாட் வெப்ப எல்லையிலேயே நிற்கும். நான் 180 ஓம் போட்டிருக்கிறேன், மீட்டரில் 8.5 வோல்ட் காட்டுகிறது, அதாவது 47 மில்லி ஆம்பியர். வால்வு நிம்மதியாக இருக்கிறது, ஒலியில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இன்னொன்று: 220 வோல்ட்டுக்குச் சுற்றிய பழைய பவர் டிரான்ஸ்ஃபார்மரில் வீட்டு மின்சாரம் 240 வோல்ட்டுக்கு ஏறினால், வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 6.9 வரை போகும். ஹீட்டர் லைனில் தொடராக ஒரு சின்ன ரெசிஸ்டர் போட்டு அதையும் அடக்கிவிட்டேன்.

வால்வு மாற்றிய அனுபவம்? பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பிஇஎல்) நிறுவனத்தின் பழைய ஈசிசி83க்கும் புது ரஷ்ய வால்வுக்கும் வித்தியாசம் உண்டுதான். டிரான்ஸ்ஃபார்மர் தந்த மாற்றத்துக்கு முன்னால் அது சிறியது. கையில் இருக்கும் பணத்தை முதலில் இரும்பிலும் செம்பிலும் போடுங்கள்.

கட்டப் போகிறவர்களுக்கு ஒன்று. சுவிட்சை அணைத்த பிறகும் பவர் சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கப்பாசிட்டரில் 250 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். அதற்குக் குறுக்கே, தேங்கிய மின்னூட்டத்தை வடித்துவிடும் ஒரு ப்ளீடர் ரெசிஸ்டர் கட்டாயம் போடுங்கள். அப்படியும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் உள்ளே கை விடாதீர்கள்.