தரையில உக்காந்து வாசிக்கிற வாத்தியத்துக்கு எந்த மைக் ஸ்டாண்டு தாங்கும்?

மைக்குக்கு இருபதாயிரம் போட யோசிக்காத ஆளுங்க ஸ்டாண்டுன்னு வந்தா மட்டும் ஆயிரம் ரூபாக்கு மேல ஒரு பைசா தர மாட்டேன்றாங்க. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை சைடுல வீட்லயே ரெக்கார்டிங் பண்ற பசங்க இப்ப நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்குத்தான் இத எழுதறேன். நம்ம ஊர்ல மைக் முன்னாடி வர்றது இன்னான்னு பாருங்க: வீணை, மிருதங்கம், கூத்து ஆர்மோனியம், முகவீணை, பம்பை, நடுவுல ஒரு கிட்டார். இதுல பாதிக்கு மேல தரையில சம்மணம் போட்டு உக்காந்து வாசிக்கிறது. கடையில கிடைக்கிற ஸ்டாண்டு முக்காவாசி மேடையில நின்னு பாடறவங்களுக்காக செஞ்சது. சிக்கலே அங்கதான் ஆரம்பிக்குது.

ஸ்டாண்டு நிக்குதா விழுதான்றது மட்டும் கணக்கில்ல. ஒரு பாட்டு முழுக்க மைக் வச்ச எடத்துலயே இருக்குதான்றதுதான் முக்கியம். மைக்க வாத்தியத்துலேர்ந்து 20 செமீ தள்ளி வச்சிக்கினு ஆரம்பிக்கிறீங்க, பூம் கம்பி (ஸ்டாண்டு மேல பக்கவாட்டுல நீளற கை) மெதுவா எறங்கி மூணாவது டேக்குல 15 செமீ ஆயிடுச்சின்னு வைங்க, சத்தம் ஏறக்குறைய 2.5 டெசிபல் ஏறிடும், அது போதாதுன்னு கார்டியாய்ட் மைக்கா (முன்னாடி வர்ற சத்தத்த அதிகமா புடிக்கிறது) இருந்தா கிட்ட போகப்போக பேஸும், அதாவது அடி சத்தமும் ஏறும், அப்புறம் மொத டேக்குலேர்ந்து பல்லவியும் மூணாவதுலேர்ந்து சரணமும் எடுத்து ஒட்டினா ரெண்டு வேற ரூம்ல எடுத்த மாதிரி கேக்கும்.

மொதல்ல நம்ம சவுண்டு சர்வீஸ்காரங்க வச்சிருக்கிற சாதா ட்ரைபாட் பூம் ஸ்டாண்டு. ஆயிரம், ஆயிரத்தைநூறு ரூபாக்கு கிடைக்கும். அத மட்டமா பேச மாட்டேன், சின்ன பென்சில் மைக்குக்கு அது போதும், ரோட் என்டி5 மாதிரி மைக்கெல்லாம் 100 கிராம் சுமார்தான். ஷூர் எஸ்எம்57 போட்டா 284 கிராம், அதுவும் பூம நீட்டாம வச்சா ஓடும். நாய்மன் யு87 மாதிரி அரை கிலோ மைக்க ஷாக்மவுண்டோட (அதிர்வு ஏறாம புடிக்கிற கூடு) மாட்டி பூம முழுசா நீட்டினீங்கன்னா அங்கயே கதை முடிஞ்சிது. எடை மட்டும் பிரச்சனை இல்ல, எடைய தூரத்தால பெருக்கணும், 75 செமீ தள்ளி தொங்கற அரை கிலோ அந்த கிளட்ச்ச (பூம இறுக்கிப் புடிக்கிற மூட்டு) எப்ப பாத்தாலும் கீழ திருகிக்கினே இருக்கும். கிளட்ச் உள்ள பிளாஸ்டிக்கு. எறங்குதேன்னு இன்னும் இறுக்குவோம், ஒரு நாள் டக்குனு விரிசல் விட்டுடும், அதுக்கு ஸ்பேரும் கிடைக்காது, முழு ஸ்டாண்டும் பழைய இரும்புக்குத்தான்.

ரெண்டாவது, அதே ட்ரைபாட் வடிவம்தான், ஆனா ஒழுங்கா செஞ்சது. எல்லாரும் சொல்றது ஜெர்மன் கே அண்ட் எம் 210/9. கம்பெனி 1949ல ஆரம்பிச்சது, வெர்ட்ஹைம்ன்ற ஊரு. உயரம் சுமாரா 90லேர்ந்து 160 செமீ வரைக்கும். விலை லோக்கல் ஸ்டாண்ட விட பல மடங்கு. அந்த காசு எங்க போகுதுன்னா கிளட்ச்சுல போகுது, ஒரு தடவ இறுக்கினா நின்ன எடத்துல நிக்கும், தேஞ்சி போற பாகத்த தனியா மாத்திக்கலாம். கிட்டார், வயலின், நின்னு வாசிக்கிற பம்பை எல்லாத்துக்கும் கண்ண மூடிக்கினு இத சொல்லுவேன்.

ஆனா எந்த ட்ரைபாட் வாங்கினாலும் ஒரு விஷயம் தெரிஞ்சிக்கணும், இது தெரியாமதான் பாதி மைக் கீழ விழுது. மூணு கால்ல ஒரு கால் பூமுக்கு நேர் கீழ இருக்கணும். கால் இருக்கிற திசையில சாயணும்னா அந்த கால் நுனிய தாண்டணும், ரெண்டு காலுக்கு நடுவுல சாய அதுல பாதி தூரம் போதும். அதே ஸ்டாண்டு, அதே மைக், கால திருப்பி வச்சதுக்கே தாங்கற சக்தி பாதியாயிடுது. பின்னாடி இருக்கிற ரெண்டு கால் மேல ஒரு மணல் மூட்டைய போட்டுட்டீங்கன்னா இன்னும் நிம்மதி.

மூணாவது வட்ட அடித்தட்டு வச்சது, காஸ்ட் அயர்ன் தட்டு. எடம் அடைக்காது, வாசிக்கிறவங்க முட்டிகிட்டயே கொண்டு போய் வைக்கலாம், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி நிக்கும். ஆனா 30 செமீ தட்டுன்னா நடுவுலேர்ந்து 15 செமீதான் பிடிமானம், அதனால தட்டுல எடை இல்லன்னா பூம் மாட்டவே கூடாது. மூணு கிலோ தட்டு நேரா நிக்கிற கம்பிக்கு சரி, பூம் போடணும்னா எட்டு, பத்து கிலோவாவது வேணும். இன்னொண்ணு, தட்டு முழுசா தரைய ஒட்டினு உக்காருது, மொசைக் தரையில பக்கத்துல ஒருத்தர் காலால தாளம் போட்டா அது அப்படியே கம்பி வழியா மேல ஏறும். ஜமக்காளத்த ரெண்டா மடிச்சி கீழ போடுங்க, கொறையும். கூத்து ரெக்கார்டிங்க்கு புரிசை, செய்யாறு பக்கம் (இப்ப திருவண்ணாமலை மாவட்டம், நமக்கு என்னிக்குமே வடார்க்காடுதான்) போறீங்கன்னா வட்டத்தட்ட வீட்லயே விட்டுட்டு போங்க, மேடு பள்ளமான மண்ணுல அது ஆடும், மூணு கால் எந்த தரையிலயும் உக்காந்துக்கும்.

இப்ப உக்காந்து வாசிக்கிற விஷயத்துக்கு வர்றேன். 90 செமீ உயரத்துக்கு கீழ எறங்காத ஸ்டாண்டுல 77 செமீ பூம கீழ் நோக்கி சாச்சா மைக் மிருதங்கம் வரைக்கும் போகும், இல்லன்னு சொல்லல. ஆனா 60 டிகிரி சாச்சா முன்பக்கம் எட்டறது 38 செமீ சுமார்தான், ஸ்டாண்டு காலும் கிட்டத்தட்ட அவ்ளோ தூரம் விரிஞ்சிருக்கும், அப்ப மிருதங்கக்காரரோட முட்டியும் ஸ்டாண்டு காலும் ஒரே எடத்துக்கு சண்டை போடும். ஒரு மோரா (தாளத்த முடிக்கிற கோர்வை) முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தடவ இடிச்சிடுவாரு. அதனால குட்ட ஸ்டாண்டு வேணும், கே அண்ட் எம் 259 மாதிரி, ஒன்றரை அடிலேர்ந்து ரெண்டு அடி உயரம், பூம் கிட்டத்தட்ட படுக்கையா போகும், கால் தள்ளி நிக்கும். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஆர்மோனியத்துக்கும் இத விட வசதி எதுவும் இல்ல. ஒரே ஒரு ஸ்டாண்டுதான் வாங்க முடியும், வர்றவங்க எல்லாம் உக்காந்து வாசிக்கிறவங்கன்னா, 210/9 கூட வேணாம், குட்டையே வாங்குங்க.

காசு பத்தலன்னா நாலாவது வழி, எனக்கு புடிச்சதும் இதான். ராணிப்பேட்டை, காட்பாடி பக்கம் லேத்துக்கும் வெல்டிங் பட்டறைக்கும் பஞ்சமே இல்ல. ஒரு அடிக்கு ஒரு அடி, 12 எம்எம் கனத்துல எம்எஸ் பிளேட் (சாதா இரும்புத் தகடு) வெட்டினா எட்டரை கிலோவுக்கு மேல வரும். நடுவுல ரெண்டு அடி பைப்பு, கீழ நாலு மூலைக்கும் ரப்பர், பைப்புக்குள்ள காஞ்ச மணல் நிரப்பிட்டா தட்டினா கணகணன்னு கேக்காது. சதுரத்தோட மூலை பூமுக்கு கீழ வர்ற மாதிரி வைங்க, பக்கவாட்டுல 15 செமீ பிடிமானம்னா மூலையில 21. மேல மரை 3/8 இஞ்சு போடச் சொல்லுங்க, அந்த டேப்பு (மரை வெட்டற கருவி) சாதாரணமா பட்டறையில இருக்கும். 5/8 இஞ்சு மைக் மரைக்கு இஞ்சுக்கு 27 புரி, அதுக்கு டேப்பு தேடி அலையாதீங்க, அடாப்டர் போட்டுக்கலாம். பூம மட்டும் பட்டறையில செய்யாதீங்க, நல்ல கிளட்ச் வச்ச பூம் தனியா விக்கிது, அத வாங்கி மேல மாட்டுங்க. அடித்தட்டு வெறும் எடைதான், யார் செஞ்சாலும் எடை எடைதான், கிளட்ச் அப்படி இல்ல.

டேபிள்ல கவ்வுற ஸ்பிரிங் கை பத்தி கேப்பீங்க. பேசறதுக்கு ஓகே. பம்பை அடிக்கிற ரூம்ல அந்த ஸ்பிரிங்கும் கூட சேந்து பாடும், வேணாம்.

கடைக்கு போகும்போது அரை லிட்டர் தண்ணி பாட்டில் ஒண்ணு எடுத்துக்கினு போங்க, அது யு87 எடைக்கு கிட்டத்தட்ட சமம். பூம முழுசா நீட்டி, ஒரு கால் நேர் கீழ வச்சி, நுனியில பாட்டில கட்டித் தொங்க விட்டுட்டு ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பாத்தா பாக்கட்டும். திரும்பி வரும்போது பாட்டில் ரெண்டு விரக்கடை எறங்கியிருந்தா அடுத்த மாடல எடுத்துக் காட்டச் சொல்லுங்க.